காஞ்சிபுரத்தில் பார்க்காமல் விட்ட ஒன்று

வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்தைச் சுற்றிப் பார்க்க முடியுமா என்று மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஒரு தோழி கேட்டிருந்தாள். முடியும். நான் எட்டாம் மாதத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று இடம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. காலுறை அவசியம். வெயில் ஏறினால் கோயில் கல் தோசைக்கல்லாகிவிடும். கழிப்பறை எங்கே என்று தெரியாத இடத்துக்குள் நுழையவே கூடாது. மதியம் கோயில்களைச் சாத்திவிடுவார்கள், அந்த நேரத்துக்கு ஏசி அறை ஒன்று போட்டு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துவிட வேண்டும். மற்றதையெல்லாம் ஊர் பார்த்துக்கொள்ளும். பிள்ளைத்தாய்ச்சியைக் கண்டால் நாற்காலி தேடி ஓடுகிற ஊர் அது.

அவளுக்கு இவ்வளவுதான் எழுதினேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் பாலாவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருட வேலை. மலேசியாவிலிருந்து அவரோடு நானும் வந்தேன். வந்த இடத்தில் உண்டானேன். ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் இதயத்தில் ஒரு பாதி வளரவே இல்லை என்றார்கள். கூடவே வேறு கோளாறுகளும் இருந்ததால் அறுவை சிகிச்சைக்கும் வழியில்லை. கலைத்துவிடவும் சட்டத்தில் இடமுண்டு என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். பிறந்தால் கொஞ்ச நேரம் இருக்கும் என்றார் டாக்டரம்மா. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆணா பெண்ணா என்றாவது சொல்லுங்கள் என்றேன். இந்த நாட்டில் அதைச் சொல்லக் கூடாதாம். எங்கள் ஊரில், அறைக்கு எந்த நிறத்தில் சாயம் அடிப்பது என்று முடிவு செய்யும் அளவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அதனால் குட்டி என்றே கூப்பிட்டோம்.

வெளியே வந்து பார்க்க நேரம் இருக்காது என்றால், உள்ளே இருக்கும்போதே பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. பிள்ளைக்கு ஒரு ஊரைக் காட்டிவிட வேண்டும். ஒரே ஒரு நாள், வலியில்லாமல், அவசரமில்லாமல், எந்த டாக்டரும் இல்லாமல். காஞ்சிபுரத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், ஈப்போவில் எங்களுக்குக் காஞ்சிபுரம் என்பது சேலையின் பெயர். அது ஒரு ஊர், அங்கே பஸ் நிலையமும் சாக்கடையும் பல் டாக்டரும் உண்டு என்பதே இங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது.

பாலாவால் வர முடியவில்லை. இருக்கிற லீவையெல்லாம் பிரசவ நாட்களுக்குச் சேர்த்து வைத்திருந்தார். அந்த லீவு எதற்கு என்று இரண்டு பேரும் வாய் திறந்து பேசிக்கொள்ளவில்லை. அவருடைய அக்கா மல்லிகா எனக்குத் துணையாக ஈப்போவிலிருந்து வந்திருந்தார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். பிள்ளைகள் இல்லை. தம்பியை வளர்த்தது அவர்தான். அன்றைய நாளைத் திட்டமிட்டதும் அவர்தான். எதை மாற்றினாலும் பேசாமல் இருந்தவர், ஒன்றில் மட்டும் உடும்புப்பிடியாக நின்றார்.

“சாயங்காலம் கைலாசநாதர் கோயிலுக்குக் கண்டிப்பா போறோம் தேவி. வெயில் தாழ்ந்ததும் போவோம். அதை மட்டும் விடக் கூடாது.”

சிற்பங்களில் அண்ணிக்கு எப்போது இவ்வளவு ஆசை வந்தது என்று நினைத்தேன்.

அன்று காலை, காஞ்சிபுரத்தை நெருங்கி ஏனாத்தூர் பக்கம் போகும்போது எங்கள் டாக்ஸியின் டயரில் காற்றிறங்கிவிட்டது. டிரைவர் ஸ்பேர் டயரை எடுத்துப் பார்த்தார். அதிலும் காற்றில்லை. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் நிரம்பிய பஸ்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அண்ணி நடு ரோட்டில் இறங்கிக் கையை விரித்தார். வந்த ஆட்டோ நிற்காமல் வேறென்ன செய்யும்?

ஜாபர் பாய் எங்களுக்குக் கிடைத்தது அப்படித்தான். நரைத்த தாடி, மடித்துக் கட்டிய கைலி. என்னைப் பார்த்ததும் தன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தலையணையை எடுத்து என் முதுகுக்குக் கொடுத்தார்.

“நல்லா சாஞ்சி ஒக்காருமா. ஸ்பீடு பிரேக்கர்லாம் நான் கிராஸா எடுப்பேன், வயிறு குலுங்காது. எம் பொண்ண நெறமாசத்துல இப்டித்தான் இட்டுக்கினு போனேன்.”

சொன்னபடியே ஒவ்வொரு மேட்டையும் சாய்வாக ஏறி இறங்கினார். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துக் காதைக் கிழித்தார்கள். “வயித்துல புள்ள இருக்குதுபா, போ போ” என்று கையைக் காட்டினார். எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் தண்ணீர் தளும்பாமல் போகலாம், உண்மைதான். ஆனால் அங்கே யாரும் என் வயிற்றுக்காக வண்டியைச் சாய்த்ததில்லை. நாள் முழுக்க இவரே போதும் என்று அண்ணி அங்கேயே பேசி முடித்துவிட்டார்.

ஒரு சின்னக் கடையில் பசியாறினோம். பசியாறுவது என்று நாங்கள் சொன்னால் இங்கே சிரிக்கிறார்கள். டிபன் என்று சொல்ல வேண்டுமாம். கோயில் இட்லி வந்தது. மூங்கில் குடலையில் இலை பரப்பி வேகவைத்து, வட்டமாக அறுத்துத் தருகிறார்கள். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டது. முதல் வாய் வைத்ததுமே வயிற்றில் ஓர் உதை. “காரம் பிடிச்சிருக்கு போல” என்றேன். அண்ணி கைப்பையைத் திறந்து எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார். உள்ளே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. வாந்தி வந்தால் முகர்ந்து பார்க்க எடுத்து வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

காமாட்சியம்மன் கோயில் வாசலில் பூ விற்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“தலச்சனா?”

“ஆமாம்.”

“ஆம்பளப் புள்ளதான், எழுதி வெச்சிக்கோ. மொகத்தப் பாத்தாலே தெரியுது. சொகமா பெத்தெடுத்து, மொட்டையடிக்க இங்கதான் இட்டாரணும், இன்னா?”

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவள் கேட்காமலே ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டாள். நல்ல வார்த்தை இப்படி வலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. திட்டினால் திருப்பித் திட்டலாம், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். வாழ்த்துகிறவளை என்ன செய்வது?

உள்ளே கூட்டம் விலகி வழிவிட்டது. “இந்த ஊர் சிவன் கோயில் எதுலயும் அம்மனுக்குத் தனி சன்னதி கெடையாதுமா. எல்லாத்துக்கும் சேத்து இவ ஒருத்திதான்” என்று வரிசையில் நின்ற ஒரு அம்மாள் சொன்னாள். அதைக் குட்டிக்கு மெல்லச் சொன்னேன். அன்று காலையிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டேதான் வந்தேன். இது குளம். இது கோபுரம். இது மணிச் சத்தம், பயப்படாதே. இவள் அம்மன், இந்த ஊருக்கே அம்மா. பக்கத்தில் இருந்தவர்கள் நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

ஏகாம்பரநாதர் கோயிலில் காலுறை போட்டும் கல் சுட்டது. மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மரத்தில் நாலு கிளை, நாலு ருசியில் பழம் என்று சொல்கிறார்கள். அன்று ஒரு பிஞ்சுகூட இல்லை. “காய்க்கும்போது வந்து பார்க்கலாம்” என்று குட்டிக்குச் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அங்கேயே அழுதேன். அண்ணி முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டே இருந்தார். அழாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவரைப் பிடிக்கும்.

மதியம் சாப்பிட்டு, லாட்ஜ் அறையில் படுத்து எழுந்து, பட்டுக் கடைக்குப் போனோம். அது திட்டத்திலேயே இல்லாதது. காஞ்சிபுரம் வந்துவிட்டுச் சேலையைத் தொடாமல் போனால் ஈப்போவில் யாரும் என்னை மதிக்க மாட்டார்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கடைக்காரர் எனக்கு நாற்காலி, மின்விசிறி, மோர் எல்லாம் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்.

“வளகாப்புக்கு ஒண்ணு பாருங்கம்மா. பேர் வெக்கறப்ப கட்டிக்க ஒண்ணு. காது குத்துக்கு இதோ இந்த மாம்பழக் கலரு. பொண்ணா பொறந்தா பட்டுப் பாவாட, இப்பவே எடுத்து வெச்சிடுங்க. ஒரு வயசுக்கு மடிச்சித் தெச்சா அஞ்சி வயசு வரைக்கும் வரும்.”

ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே போனார். ஒரு வயது, ஐந்து வயது என்று என் மடிக்கு முன்னால் வண்ண வண்ணமாக விரிந்து கிடந்தது. “வளைகாப்பெல்லாம் வேணாம். எனக்கு ஒண்ணு காட்டுங்க, கிழவிக்குக் கட்டுற மாதிரி” என்று அண்ணி அதட்டலாகச் சொன்னார். கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவர் என்ன கண்டார்?

அண்ணி பேரம் பேசிக்கொண்டிருந்தபோது நான் பின்கட்டுக்குப் போனேன். அங்கே ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் நடுவில் உட்கார்ந்து சேலையின் உடலை நெய்ய, மனைவி ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளினாள். கரை வேறு நிறம், உடல் வேறு நிறம். இரண்டையும் ஒவ்வொரு இழையிலும் கோத்துக்கொண்டே போகிறார்கள். என்னைப் பார்த்ததும் அவள் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள்.

“ஒக்காருமா. சத்தம் தொந்தரவா இருக்குதா?”

“இல்லைங்க. உள்ளே உதைக்குது.”

“எம் பசங்க ரெண்டும் இந்த சத்தத்துலதான் தூங்குச்சுங்க. நிறுத்துனா முழிச்சிக்கும்” என்று சிரித்தாள்.

தறி டடக் டடக் என்று அடிக்க, குட்டி அடங்கியது. தூங்கிவிட்டதாக வைத்துக்கொண்டேன். அன்று நான் நிம்மதியாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

வெயில் தாழ்ந்ததும் ஜாபர் பாய் எங்களைக் கைலாசநாதர் கோயிலில் இறக்கிவிட்டார். ஊரின் ஓரத்தில், புல்வெளி நடுவே, மணல் நிறத்தில் நிற்கிற கோயில். கூட்டமில்லை. கல் சுடவில்லை. சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள், அவற்றுக்குள் நிழல். இவ்வளவு அழகான இடத்தைக் கடைசியில் வைத்ததற்கு அண்ணிக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

கருவறைக்குப் பக்கத்தில், சுவரில், ஒரு சின்னப் பொந்து போல வழி இருந்தது. குனிந்தும் நுழைய முடியாது, தவழ்ந்துதான் போக வேண்டும். கருவறையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இன்னொரு பொந்து வழியாக வெளியே வர வேண்டும். எங்களுக்கு முன்னால் ஓர் இளைஞன் உள்ளே ஊர்ந்து போய், அந்தப் பக்கம் தலைமுடியெல்லாம் தூசியோடு வெளியே வந்தான். அர்ச்சகர் என்னைப் பார்த்தார்.

“நெறமாசமா இருக்கீங்க. நீங்க இதுல போவ வேணாம்மா. ஒக்காந்து கும்புட்டுக்கோங்க.”

“அவ போகலை சாமி. நான்தான் போறேன்” என்றார் அண்ணி. பிறகு கைப்பையிலிருந்து அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். “இதை வயித்தில ஒரு தடவை வச்சுக் குடு.”

“எதுக்கு அண்ணி?”

“இந்தச் சந்து வழியா போயிட்டு வந்தா மறுபிறவி கிடையாதாம். நம்ம கீழ் வீட்டம்மாதான் சொன்னாங்க. உன்னால போக முடியாது. அதான் பழத்தை நான் எடுத்துட்டுப் போறேன். குட்டிக்காக.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. காலையிலிருந்து அந்தப் பழம் எங்களோடு வந்துகொண்டிருந்தது இதற்காகத்தான்.

“குட்டிக்கு மறுபிறவி வேணாம்னு யாரு சொன்னது?”

“தேவி, பட்டது போதும். மறுபடியும் வந்து மறுபடியும் இப்படிப் போகணுமா?”

“வரணும் அண்ணி! என்கிட்டயே வரணும். நல்ல இதயத்தோட வரணும். நீங்க யாரு கதவைச் சாத்த?”

கத்திவிட்டேன். அர்ச்சகர் மெல்ல விளக்குப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். நான் வெளியே வந்து புல்வெளி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தேன். அண்ணியும் வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கனத்த குரல் எங்கே போனதோ, முணுமுணுப்பாகத்தான் பேச்சு வந்தது.

“பாலாவுக்குத் தெரியாது, அப்ப அவன் சின்னப் பிள்ளை. எனக்கு ஒரு பையன் பொறந்தான். ஒரு ராத்திரிதான் இருந்தான். எல்லாரும் சொன்னாங்க, அழாதே மல்லிகா, அவனே திரும்பி வருவான்னு. நானும் காத்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு மாசமும் காத்துக்கிட்டு இருந்தேன். வரலை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும், பைத்தியக்காரி, காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வருவான் வருவான்னு இருக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும்டி. அது உனக்கு வேணாம். முடிஞ்சுதுன்னு தெரிஞ்சா அழுது எழுந்திரிச்சிடலாம்.”

இத்தனை வருடம் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. அவர் சொல்வது சரியென்று எனக்குப் படவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்லவும் என்னால் ஆகவில்லை. பழத்தை வாங்கி வயிற்றில் வைத்தேன். உள்ளே ஒரு முட்டியோ குதிகாலோ வந்து அதை இடித்தது. கொடுத்துவிட்டேன்.

“போயிட்டு வாங்க” என்றேன்.

அண்ணி உள்ளே போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பொந்துக்கு முன்னால் மண்டியிட்டார். தலையும் தோளும் உள்ளே போயின. இடுப்பு வெளியே நின்றது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகாதீங்க, போகாதீங்க என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் பழத்தைக் கொடுத்தது நான்தானே?

அவர் நகரவில்லை. மாட்டிக்கொண்டார் என்று நினைத்து அர்ச்சகர் ஓடி வந்தார். “அம்மா, பயப்படாதீங்க, மூச்சி இழுத்து வுடுங்க, மெதுவா வந்துடலாம்.” உள்ளேயிருந்து ஒரு விசும்பல்தான் கேட்டது. பிறகு அண்ணி பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் தூசி, அதில் கண்ணீர் வழிந்த தடம். பழம் கையிலேயே இருந்தது.

“முடியலை தேவி.”

“உடம்பு போகலையா?”

“உடம்பு போகும். பழம் மட்டுமா போகுது, நானும்தானே போறேன்? எனக்கும் பிறவி இல்லைன்னு ஆயிடும்ல. அவன் எப்பவாவது வந்தா யாரைத் தேடுவான்?”

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டு மாத வயிற்றோடு தரையில் உட்காருவது லேசில்லை, எழுந்திருப்பது அதைவிடக் கஷ்டம். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதோம். எங்கள் இருவர் நெற்றியிலும் அர்ச்சகரே விபூதி இட்டு, ஒரு சிட்டிகையை என் வயிற்றுக்கு நேராக ஊதிவிட்டார்.

ஜாபர் பாய் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையணையைத் தட்டி என் முதுகுக்குச் சரி செய்து கொடுத்தார். வீடு வரைக்கும் அவரேதான் கொண்டுவந்து விட்டார். மேடுகளையெல்லாம் சாய்வாகவே எடுத்தார். இறங்கும்போது, “பொறந்ததும் ஒரு நாள் இட்டுக்கினு வாமா, நானே சுத்திக் காட்டறேன்” என்றார்.

“சரி பாய்” என்றேன்.

மறுநாள் அந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு, அண்ணி எனக்குக் குடிக்கக் கொடுத்தார். சாதாரண எலுமிச்சைப் புளிப்புதான். பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

குட்டி அடுத்த மாதம் பிறந்தாள். பூக்காரி சொன்னது பொய்யாகிவிட்டது, பெண். தலை நிறைய முடி, பாலாவின் மூக்கு. வீட்டிலிருந்து எடுத்துப் போன பழைய நூல் சேலையில் அண்ணி அவளைச் சுற்றி என் மார்பில் வைத்தார். காலை வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டிலுக்கு வரும் வரைக்கும் இருந்தாள். பாலா அவள் விரலைப் பிடித்தபடி இருந்தார். நான் அவளுக்கு எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். நீ கோயில் இட்லி சாப்பிட்டிருக்கிறாய். அம்மனைப் பார்த்திருக்கிறாய். தறிச் சத்தத்தில் தூங்கியிருக்கிறாய். ஜாபர் பாய் உனக்காக வண்டியைச் சாய்த்து ஓட்டினார். ஒரே ஒரு வழியை மட்டும் நாம் பார்க்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும்.

மூச்சு மெலிந்துகொண்டே வந்தபோது அண்ணி குனிந்து அவள் காதில் வாயை வைத்தார்.

“போயிட்டு வா கண்ணு. அங்க ஒரு பையன் இருப்பான். பார்த்தா அவனையும் கூட்டிக்கிட்டு வா.”